அப்பாகிட்ட சொல்லு

“உங்களுக்கு எந்தப் பல்லு?” என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டதும் வசுமதி யோசிக்கக்கூட இல்லை, “கடவாப் பல்லுங்க” என்று சொல்லிவிட்டு இடது கன்னத்தில் கையையும் வைத்துக்கொண்டாள். வைத்த கையை உடனே எடுத்தால் பொய் தெரிந்துவிடும். எடுக்காமல் இருந்தால் இன்னும் எவ்வளவு நேரம் இப்படியே வைத்திருப்பது. அவர் வீங்கிய தாடையைத் துண்டால் ஒற்றிக்கொண்டே, இங்க வலியே தெரியாமப் பாப்பாங்க, பயப்படாதீங்க என்றார். நல்ல மனுஷன். தன் வலியை விட்டுவிட்டு, ஒரு பல்லும் வலிக்காத ஒருத்திக்கு ஆறுதல் சொல்கிறார். அவளுக்குக் காது மடல் சூடானது. தில்லைநகர் குறுக்குத் தெருவில், மருந்துக்கடைக்கு மேலே இருக்கிற இந்தப் பல் ஆஸ்பத்திரியின் உள்ளறையை ரெஜினா மேடம் சனிக்கிழமை காலைகளில் மட்டும் வாடகைக்கு எடுத்துக் கவுன்சலிங் பார்க்கிறார். பல்லுக்கு வந்தவர்களும் மனசுக்கு வந்தவர்களும் ஒரே வரிசை இரும்பு நாற்காலிகளில்தான் உட்கார வேண்டும். முதல் தடவை வந்தபோது அது வசதியாகத்தான் பட்டது. யார் பார்த்தாலும் பல் என்று சொல்லிவிடலாம். புருஷன் ஞானசேகருக்குப் பல், மகள் ஆதிரைக்குப் பல், காலேஜ் ஆபீஸில் பக்கத்து மேஜை புஷ்பலதாவுக்கும் பல். புஷ்பலதா மறுநாளே கிராம்புத் தைலம் ஒரு குட்டிப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டுவந்து கொடுத்தாள். பஞ்சுல தொட்டு வச்சுக்க, நான் எத்தனை ராத்திரி இதுலதான் தூங்கியிருக்கேன் தெரியுமா என்றாள். அந்தப் பாட்டில் டிராயரில் கிடக்கிறது. திறக்கும்போதெல்லாம் வாசனை அடிக்கிறது. எத்தனை பேருடைய நல்ல மனசை வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போக முடியாது. காலையில் வாசலில் செருப்பு மாட்டும்போது காதில் விழுந்தது இன்னும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். அதை இப்போது நினைக்க வேண்டாம்.

இன்றைக்கு ரெஜினா மேடத்திடம் எதைச் சொல்வது என்று அவள் யோசித்தாள். போன இரண்டு தடவையும் அப்பாவைப் பற்றித்தான் சொன்னாள், நன்றாகவே சொன்னாள். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸ், ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினால் சைக்கிள்கள் கூட்டமாகத் திரும்புகிற சாலை, அதில் தலை நிமிராமல் வருகிற அப்பா. சோமசுந்தரம் மாதிரி தங்கமான மனுஷன் கிடையாது என்பார்கள். குடி இல்லை, கை நீட்டியதில்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அப்பா செய்தது ஒன்றே ஒன்றுதான், அம்மாவோடு பேச்சை நிறுத்திவிடுவார். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. குழம்பில் உப்பா, மாமா வந்து போனதா, விருந்தாளி முன்னால் அம்மா சிரித்துவிட்டாளா. ஒரு நாள் காலையில் எழுந்தால் வீட்டில் காற்று இறுகியிருக்கும், அவ்வளவுதான். ஒரு கூடம், ஒரு அடுப்படி. கூடத்தில் அப்பா, அடுப்படி நிலைப்படியில் அம்மா, நடுவில் வசுமதி. அம்மாகிட்ட சொல்லு, வெந்நீர் வேணும்னு. அப்பாகிட்ட சொல்லு, வச்சிருக்குன்னு. ஒருவர் சொல்வது மற்றவர் காதில் நன்றாக விழுகிற தூரம்தான். ஆனாலும் அவள் நடந்துபோய்ச் சொன்னால்தான் அது சொன்னதாக ஆகும். அம்மா சில நாள் பொறுக்காமல், அப்பாகிட்ட சொல்லு, நான் செத்தாத்தான் இந்த வீடு விளங்கும்னு, என்பாள். வசுமதி நாலு எட்டு நடந்துபோய், அப்பா, அம்மா காபி கலக்கட்டுமான்னு கேக்குறாங்க, என்பாள். அப்பா உம் என்பார். அவள் திரும்பி வந்து, அப்பா உனக்குத் தலைவலி எப்படி இருக்குன்னு கேட்டாரும்மா, என்பாள். அம்மாவுக்கும் தெரியும், அப்பாவுக்கும் தெரியும், இருவரும் அந்தப் பொய்யை வாங்கிக்கொண்டார்கள். அதில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. இந்த வீடு தன் நாக்கில் நிற்கிறது என்று ஆறாம் வகுப்புப் படிக்கிறவள் நினைத்துக்கொண்டாள்.

பிறகு அந்தக் கோடை. தோழிகள் எல்லாரும் முக்கொம்புக்குப் போனார்கள், இவளை மட்டும் அனுப்பவில்லை. யாரைக் கேட்பது, யார் வழியாகக் கேட்பது, அவள் தூது சொல்லிக் கேட்க இன்னொரு வசுமதி இல்லை. வெயில் தகித்த மத்தியானம் அம்மா துணி துவைத்துக்கொண்டே, அப்பாகிட்ட சொல்லு, அவரு வாயை மூடிட்டு இருக்கிற வரைக்கும்தான் எனக்கு நிம்மதின்னு, என்றாள். வசுமதி போனாள். ஒரு எழுத்து மாற்றவில்லை. அப்படியே சொன்னாள். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். அன்றிலிருந்து அவளோடும் பேசவில்லை. எதிரில் போய் நின்றால் அவள் தலைக்கு மேலே காலண்டரைப் பார்த்தார். அவள் தண்ணீர்ச் சொம்பை நீட்டினால் கீழே வைக்கும்வரை காத்திருந்து பிறகு எடுத்துக் குடித்தார். நான் இங்கே இருக்கிறேனா என்று அவள் அடிக்கடி கண்ணாடியில் போய்ப் பார்த்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு சாயங்காலம், மழை வருது, கொடியில இருக்கிற துணிய எடு, என்றார், ஒன்றுமே நடக்காதது போல. அவள் ஓடிப்போய்த் துணிகளை அள்ளிக்கொண்டு அவற்றில் முகம் புதைத்து அழுதாள். சந்தோஷத்தில். அதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது, இவ்வளவு மலிவாகவா சந்தோஷப்பட்டோம் என்று. அப்பா போய்ச் சேர்வதற்கு முந்தின நாளும், ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்த அம்மா, வசு, தண்ணி வேணுமான்னு அப்பாவைக் கேளு, என்றாள். அப்போது அவர்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. பழக்கம். இதையெல்லாம் சொன்னபோது ரெஜினா மேடம் எழுதுவதை நிறுத்திவிட்டு, அப்ப உங்களுக்கு என்ன வயசு வசுமதி, என்று மெதுவாகக் கேட்டார். அன்றைக்கு டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வீட்டுக்குப் போகும்போது உடம்பே லேசாக இருந்தது. மேடத்துக்கு என்னைப் பிடித்துவிட்டது என்றுகூட நினைத்தாள். இப்போது அதையும் நினைத்து வெட்கமாக இருக்கிறது. பாதிக் கதையைச் சொல்லிப் பரிதாபத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அப்பாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ள எவ்வளவு வசதியான இடம் இருக்கிறது.

மீதிப் பாதி என்னவென்றால், வசுமதியும் பேச மாட்டாள். ஊரில் அதற்குப் பெயர் பொறுமை. மாமியார் வீட்டில், எங்க மருமக குரலே வெளிய கேக்காது என்பார்கள். கல்யாண வீடுகளில் மற்ற மருமகள்களுக்கு அவளைத்தான் காட்டுவார்கள். அவள் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொள்வாள், ஞானசேகர் எங்கேயாவது பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் அவன் கெஞ்சியிருக்கிறான், என்ன தப்புன்னு சொல்லிட்டாவது பேசாம இரு வசு, என்று. அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. தொண்டையில் ஒரு கதவு விழும். அவளாக அதைச் சாத்துகிறாளா, அதுவாக விழுகிறதா என்று அவளுக்கே பிடிபட்டதில்லை. விழுந்த பிறகு உள்ளே ஒரு பாதுகாப்பு, அப்பாடா, இனி யாரும் என் தலைக்கு மேலே காலண்டரைப் பார்க்க முடியாது, நான்தான் பார்க்கப்போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை ஞானசேகரின் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், சாப்பாட்டுப் பந்தியில், டிவி பற்றி ஏதோ பேச்சு வந்தது. எங்க வீட்ல ரிமோட்டும் இவகிட்டதான், ம்யூட் பட்டனும் இவகிட்டதான், என்றான் அவன். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். வீட்டுக்கு வந்ததும் கதவு விழுந்துவிட்டது. ஏன் அவ்வளவு கோபம். பொய் சொல்லியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. பாயசத்துக்குக் கையை நீட்டிக்கொண்டிருந்த அத்தனை பேர் முன்னாலும் அவன் உண்மையைச் சொல்லிவிட்டான்.

அதிலிருந்து இருவருக்கும் நடுவே ஆதிரைதான் நடக்கிறாள். ஐந்தாவது படிக்கிறாள், முன்பல் கொஞ்சம் தூக்கலாக, அப்பன் சாயல். ரெஜினா மேடத்துக்கு முதன்முதலில் போன் செய்ததற்குக் காரணமும் ஆதிரைதான், ஆனால் அப்போது டென்ஷனா இருக்கு மேடம் என்றுதான் சொன்னாள். நிஜத்தில் நடந்தது வேறு. போன மாதம் இதற்கு முந்தைய சண்டையின்போது ஆதிரை பென்சில் சீவிக்கொண்டே, அம்மா, இந்தத் தடவை எவ்வளவு நாள், என்று கேட்டாள். பரீட்சை லீவு எவ்வளவு நாள் என்று கேட்பது போலக் கேட்டாள். வருத்தமே இல்லை அந்தக் குரலில். எவ்வளவு நாள் என்று தெரிந்தால் அதற்கு ஏற்றபடி தயாராகிக்கொள்ளலாம், அவ்வளவுதான். சரி, அதையாவது சொல்லலாம். சொன்னால் காலையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். காலையில் அவள், அப்பாகிட்ட சொல்லு, நான் வெளிய போறேன், சாதம் குக்கர்ல கிடக்கு, வேணும்னா போட்டுத் தின்னட்டும்னு, என்றாள். தின்னட்டும் என்றுதான் சொன்னாள். வாசலில் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே ஆதிரையின் குரல் கேட்டது. அப்பா, அம்மாக்குப் பல்லு ரொம்ப வலிக்குதாம். உங்களை மறக்காமச் சாப்பிடச் சொன்னாங்க. வசுமதிக்கு வார் கைக்கு வரவில்லை. அந்தக் குரலின் ஏற்ற இறக்கம், சொன்னாங்க என்பதில் வைத்த அந்தக் கொஞ்சம் இனிப்பு, அவளுக்கு அது தெரியும். அது யாருடைய குரல் என்று தெரியும். யாரும் அந்தக் குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறாள். தெருவில் இறங்கி பஸ் ஸ்டாப் வரை நடந்தது அவளுக்கு ஞாபகம் இல்லை.

அதற்கும் அடியில் ஒன்று இருக்கிறது. வசுமதி கன்னத்திலிருந்து கையை எடுத்தாள், பக்கத்து நாற்காலிக்காரர் உள்ளே போய்விட்டிருந்தார், இனி நடித்துக் காட்ட ஆள் இல்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு அப்புறம் ஒரு தடவை அவள் ஆதிரையோடும் பேசவில்லை. ஆதிரை, எங்கம்மாவைவிட பவித்ரா அம்மா ஜாலியா இருக்காங்க, என்று யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கு. பத்து வயதுக் குழந்தை சொன்ன அதற்கு. ஆதிரை பின்னாலேயே வந்தாள். அடுக்களையில் ஃபிரிட்ஜ் பக்கம் நின்றுகொண்டு அதன் கதவில் விரலால் ஏதோ வரைந்துகொண்டு நின்றாள். அம்மா, நான் தண்ணி பிடிச்சு வைக்கட்டுமா. அம்மா, உனக்குக் கால் பிடிச்சு விடட்டுமா. வசுமதி திரும்பவில்லை. அப்போது நெஞ்சுக்குள் ஒரு கதகதப்பு வந்தது. இதை எப்படி ஒரு மனுஷியிடம் சொல்வது. இவளுக்கு நான் வேண்டியிருக்கிறது, நான் இல்லாமல் இவளுக்கு மூச்சு முட்டுகிறது என்று ஒரு இதம். இன்னும் கொஞ்ச நேரம் நிற்கட்டும் என்று அவள் வேண்டுமென்றே கீரையை மெதுவாக ஆய்ந்தாள். அப்பாவுக்கும் இப்படி இருந்திருக்குமா. அவள் சொம்பை நீட்டிக்கொண்டு நின்றபோது அவருக்குள்ளும் இந்தக் கதகதப்பு இருந்ததா. இருந்தால், அவரைப் பற்றி இத்தனை வருஷமாக வைத்திருக்கிற கேள்விக்குப் பதில் தன் நெஞ்சுக்குள்ளேயே அல்லவா இருக்கிறது. “வசுமதி மேடம், உள் ரூமுக்குப் போங்க” என்று ரிசப்ஷன் பெண் சத்தமாகக் கூப்பிட்டாள். இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

“எப்படி இருக்கீங்க?” என்றார் ரெஜினா மேடம். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய, பருத்திச் சேலைக்காரர். நல்லா இருக்கேன் மேடம், காலேஜ்ல அட்மிஷன் நேரம், வேலை ஜாஸ்தி, என்று வசுமதி பேசிக்கொண்டே போனாள். அட்மிஷன் தீர்ந்ததும் பேச்சும் தீர்ந்தது. “எங்கப்பா பத்தி இன்னொண்ணு ஞாபகம் வந்துச்சு மேடம்” என்று ஆரம்பித்தாள், ஆரம்பித்த வாக்கியம் அப்படியே நின்றது. மறுபடியும் அவரையே கூப்பிடுகிறாள். செத்த மனுஷன், கூப்பிட்ட போதெல்லாம் வந்து நிற்கிறார்.

“சொல்லுங்க.”

“இல்ல மேடம். அப்பா பத்தி இல்ல. என் பொண்ணு பத்தி.”

அலமாரியில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பற்களின் பிளாஸ்டர் அச்சைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். வரிசையாக வரவில்லை. குக்கர், செருப்பு, தின்னட்டும் என்று சொன்னது, சாப்பிடச் சொன்னாங்க என்று மாறியது, தொண்டை அடைத்துக்கொள்வது, ஃபிரிட்ஜ் கதவு. கதகதப்பு என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. “அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு மேடம். அவ தவிக்கிறது எனக்குப் பிடிச்சிருந்துச்சு” என்று சொல்லிவிட்டு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் மடியில் கிடந்த கைப்பையைப் பார்த்தாள். இப்போது மேடத்தின் முகம் மாறியிருக்கும். நிமிரக் கூடாது.

“பன்னெண்டு வயசுல யாராவது உங்களுக்காகத் தவிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும், இல்லையா?” என்றார் மேடம்.

அழுகை வந்தது, ஆனால் வசுமதிக்கு அதன்மேலும் சந்தேகம் வந்தது. “அப்படிச் சொல்லாதீங்க மேடம். அதைப் பிடிச்சுக்கிட்டு நான் தப்பிச்சுடுவேன். இவ்வளவு நாள் அப்படித்தான் தப்பிச்சேன்.”

“சரி” என்றார் மேடம். “தப்பிக்க வேண்டாம். அது எங்கேர்ந்து வருதுன்னு நமக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே வரும்போது என்ன பண்றதுங்கிறதுதான் விஷயம். தொண்டை அடைச்சுக்கும்னு சொன்னீங்கல்ல. அடைச்சா, அடைச்சிருக்குன்னு சொல்ல முடியுமா? சண்டையைத் தீர்க்க வேண்டாம். மன்னிக்க வேண்டாம். எனக்குப் பேச வரலன்னு மட்டும். ஆனா நேரா அவர்கிட்ட. ஆதிரை வழியா இல்ல.”

“முடியாது மேடம்.”

“முடியாதுதான். அதனாலதான் கேக்குறேன்.”

பஸ்ஸில் நின்றுகொண்டே அவள் அந்த மூன்று சொற்களைச் சொல்லிப் பார்த்தாள். எனக்குப் பேச வரல. இதில் என்ன இருக்கிறது. ஒரு பிச்சைக்காரனிடம்கூடச் சொல்லிவிடலாம். ஞானசேகர் சிரித்தால். பாரேன், ம்யூட் பட்டன் ரிப்பேர் என்று சொன்னால். சொல்ல மாட்டான், அவன் அப்படிப்பட்டவன் இல்லை. சொல்ல மாட்டான் என்பதுதான் இன்னும் பயமாக இருந்தது, ஏனென்றால் அவன் நல்லவனாக இருந்தால் இத்தனை வருஷமும் அவள் செய்தது என்ன. அப்பா ஒரு நாளும் எனக்குப் பேச வரலை என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அம்மா என்ன செய்திருப்பாள், ஓடி வந்திருப்பாள், மாவுக் கையோடு வந்திருப்பாள். உறையூர் வந்துவிட்டது, அவள் இறங்காமல் நின்றாள், கண்டக்டர் சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஞானசேகர் கூடத்தில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான், அவள் வந்ததைக் கவனித்து, கவனிக்காதது போல இருந்தான். ஆதிரை உள்ளிருந்து வந்து அவள் பையை வாங்கிக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “அப்பாகிட்ட என்னம்மா சொல்லணும்?” என்று கேட்டாள். கடைக்குப் போகத் தயாராகிறவளைப் போல நின்றாள்.

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கிறேன்.”

ஆதிரை நம்பவில்லை. நகரவும் இல்லை. வசுமதி கூடத்துக்குப் போய் நின்றாள். கதவு இறங்கிவிட்டது, தொண்டையில் அதன் பாரம் தெரிந்தது. டிவியில் யாரோ அவுட் ஆகி நடந்து போனான், அடுத்தவன் வந்தான். இப்படியே அடுக்களைக்குப் போய்விட்டால் யாருக்கும் தெரியாது. சொல்லிவிட்டேன் என்று அடுத்த வாரம் ரெஜினா மேடத்திடம் பொய் சொல்லிக்கொள்ளலாம்.

“எனக்குப் பேச வரல” என்றாள். கரகரவென்று, யாருடையதோ போல இருந்தது குரல்.

அவன் திரும்பினான். “என்ன?”

“பேச வரல. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னீங்க, கோவம்தான், இன்னும் இருக்கு. ஆனா கோவத்துக்காக மட்டும் பேசாம இல்ல. எனக்கு வர மாட்டேங்குது. சின்ன வயசுலேர்ந்து. அதுக்குத்தான் ஒருத்தர்கிட்ட போய்ப் பேசிட்டு இருக்கேன்.”

அவன் முகம் இளகும் என்று அவள் எதிர்பார்த்தாள் போலிருக்கிறது, இளகாதபோதுதான் அது தெரிந்தது. அவன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைத்தான். “ஒரு வாரமா சுவத்தோட குடும்பம் நடத்துறேன் வசு. இப்ப உனக்குத் தோணுச்சு, பேசுற. நாளைக்கு மறுபடி மூடிக்குவ. எனக்கு அலுத்துப்போச்சு. நிஜமா அலுத்துப்போச்சு.”

நிலைப்படியில் நின்ற ஆதிரை வேகமாக நடுவில் வந்தாள். “அம்மா, அப்பா என்ன சொல்றாங்கன்னா, நீ பேசினது சந்தோஷமா இருக்காம்.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாள், கண்கள் மட்டும் சிரிக்கவில்லை, அவை இவள் முகத்துக்கும் அவன் முகத்துக்குமாக ஓடின. ஞானசேகருக்கு இது புதிதாக இருக்க வேண்டும். எத்தனை செய்திகள் இப்படி வந்திருக்கும் என்று அவன் எண்ணிப் பார்க்க ஆரம்பித்தது முகத்தில் தெரிந்தது. வசுமதிக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. அவள் மகளின் தோளில் கை வைத்தாள்.

“இல்ல ஆதிரை. அப்பா சொன்னது எனக்குக் கேட்டுச்சு. அலுத்துப்போச்சுன்னு சொன்னாரு. நீ அதை மாத்த வேண்டாம். அம்மா காலையில சொன்னதையும் நீ மாத்தியிருக்க வேண்டாம். நான் அப்படிச் சொல்லியிருக்கவே கூடாது. உன்னைச் சொல்லச் சொன்னதே தப்பு.”

ஆதிரைக்குக் கண் நிறைந்துவிட்டது. பிடிபட்டுவிட்டவள் போல, “நான் பொய் சொல்லணும்னு சொல்லலம்மா” என்றாள்.

“தெரியும். எனக்கு நல்லாத் தெரியும்.”

யாரும் கத்தவில்லை. ஏதோ உடையப்போகிறது என்று குழந்தை தோளைக் குறுக்கிக்கொண்டு காத்திருந்தாள், எதுவும் உடையவில்லை. ஞானசேகர் சோபாவில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். வசுமதி அந்த இடத்தில் உட்காரவில்லை, எதிரே தரையில் உட்கார்ந்தாள், அங்கிருந்துதான் அவன் முகம் நேராகத் தெரிந்தது.

“என்ன அலுத்துப்போச்சு, சொல்லுங்க” என்றாள்.

அவன் சொல்ல ஆரம்பித்தான். முதலில் தயங்கி, பிறகு நிறுத்தாமல். எழுந்து போய்விட வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும், சுவரைப் பார்க்க வேண்டும் என்று உடம்பு கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். சிலது அநியாயமாக இருந்தது, பலது நியாயமாக இருந்தது. நடுவில் ஒரு தடவை, ஆமா, என்றாள். இன்னொரு தடவை, அது அப்படி இல்ல, என்றாள். எப்போது என்று இருவருமே கவனிக்கவில்லை, ஆதிரை அங்கிருந்து போயிருந்தாள்.